இரைச்சலுக்கு மட்டம் வைத்த வரலாறு

 

முதுகலையில் மொழியியல் பயின்றபோது, களப்பணியின் பொருட்டு ஒரு மூதாட்டியின் பேச்சை இரண்டு மணி நேரம் பதிவு செய்தேன். ஒலிமட்டத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் வசதி பதிவுக் கருவியில் இருந்தது. அனுபவமின்மையால் அதை அணைக்காமல் விட்டுவிட்டேன். அறைக்குத் திரும்பி அலைவடிவத்தைத் திரையில் விரித்தபோதுதான் பிழை விளங்கிற்று. கொல்லையில் நின்ற பேரனை அவர் உரக்க அழைத்ததும், இறந்துபோன மகளைப் பற்றித் தாழ்ந்த குரலில் சொன்னதும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நின்றன. சொற்கள் யாவும் இருந்தன. குரலின் ஏற்ற இறக்கம் மட்டும் இல்லை. நான் ஆராய எண்ணியதோ அந்த ஏற்ற இறக்கத்தைத்தான். அவரை மீண்டும் பதிவு செய்யும் வாய்ப்பு அமையவில்லை.

முனைவர் பட்ட ஆய்வுக்காக அறிவியல் கருவிகளின் வரலாற்றுக்கு வந்த பின்னர், வானொலி வானியலாளர்கள் இதே இக்கட்டை எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக எதிர்கொண்டு வருவதை அறிந்தேன். வானிலிருந்து வரும் அலையை எவ்வளவு பெருக்கி, எந்த மட்டத்தில் அளவுக் கருவியிடம் ஒப்படைப்பது? குறைத்து வைத்தால் கருவியின் சொந்த இரைச்சலில் அது மூழ்கும். கூட்டி வைத்தால் கருவி திணறி உருக்குலைக்கும். தானியங்கியிடம் விட்டால் என் பதிவுக்கு நேர்ந்தது நேரும். இக்கேள்விக்குக் காலந்தோறும் அளிக்கப்பட்ட விடைகளே இப்பதிவின் பொருள்.

1. இரைச்சலே செய்தி

வானொலி வானியலில் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்று. விண்மீன் மண்டலங்களிலிருந்து வரும் அலைக்குப் பாட்டோ பேச்சோ போன்ற வடிவம் கிடையாது. அதுவும் இரைச்சல், கருவியின் இரைச்சலும் இரைச்சல். இரண்டையும் ஒலிபெருக்கியில் கேட்டால் ஒரே சீறல்தான். மிகுதி, குறைவு என்பதைத் தவிர அவற்றைப் பிரித்தறிய வேறு வழி எளிதில் இல்லை. எனவே இத்துறையில் மட்டம் என்பதே செய்தி.

இதற்கான அடித்தளம் முழுவதும் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகங்களில் அமைந்தது. மின்தடை ஒவ்வொன்றும் தன் வெப்பநிலைக்கேற்ப இரைச்சலை எழுப்பும் என்பதை ஜான் ஜான்சன் அளந்தார். ஹாரி நைக்விஸ்ட் அதற்குக் கோட்பாடு தந்தார். இருவர் கட்டுரைகளும் 1928இல் வெளிவந்தன. திறனை ஒப்பிடும் டெசிபல் என்னும் அலகும் அதே பத்தாண்டில் அதே நிறுவனத்தின் தொலைபேசிக் கம்பிகளுக்காகப் பிறந்ததே. கார்ல் ஜான்ஸ்கி 20.5 மெகாஹெர்ட்ஸில் தொலைதூரத் தொடர்பைக் கெடுக்கும் இரைச்சலைத் தேடிச் சென்று, அதன் ஒரு பகுதி நம் பால்வழி மண்டலத்திலிருந்து வருகிறது என்று 1933இல் அறிவித்ததும் அங்கிருந்துதான்.

அளவுகளைக் கணக்கிட்டுப் பார்த்தால் சிக்கலின் கனம் புரியும். 45 மீட்டர் விட்டமுள்ள ஓர் அலைவாங்கி. கருவியும் வானும் சேர்ந்த இரைச்சல் வெப்பநிலை 100 கெல்வின். பட்டை அகலம் 32 மெகாஹெர்ட்ஸ் என்று கொள்வோம். வந்து சேரும் மொத்த இரைச்சல் திறன் ஒரு வாட்டில் ஏறத்தாழ 23 லட்சம் கோடியில் ஒரு பங்கு. இதை ஒரு மில்லிவாட் அளவுக்கு உயர்த்த 2,000 கோடி மடங்குக்கு மேல், அதாவது 103 டெசிபலுக்கு மேல் பெருக்க வேண்டும். ஜான்ஸ்கியின் பெயரால் வழங்கும் அலகில் ஒரு ஜான்ஸ்கி வலிமையுள்ள வான்பொருள், இந்த மொத்தத்தில் சேர்ப்பதோ 300இல் ஒரு பங்கு மட்டுமே. அளக்கப்பட வேண்டியது, பெருக்கியின் மனநிலை சற்றே மாறினாலும் மறைந்துவிடும் அந்தச் சிறு உயர்வு.

2. பெருக்கியை நம்பாத காலம்

வெற்றிடக் குழாய்ப் பெருக்கிகள் நிலையாக இருப்பதில்லை. அறை வெப்பம், மின்னழுத்தம், குழாயின் வயது என எதைப் பொறுத்தும் அவற்றின் பெருக்கம் மெல்ல அலையும். இரண்டாம் உலகப்போரின் ரேடார்ப் பணியிலிருந்து வந்த ராபர்ட் டிக்கி 1946இல் ஒரு வழியை வெளியிட்டார். அலைவாங்கியையும், வெப்பநிலை தெரிந்த ஒரு மின்தடையையும் பெருக்கியுடன் மாற்றி மாற்றி விரைவாக இணைத்து, இரண்டின் வேறுபாட்டை மட்டும் அளப்பது. பெருக்கம் அலைந்தாலும் இரண்டு பக்கமும் சேர்ந்தே அலைவதால் வேறுபாடு பெரிதும் காப்பாற்றப்படும். கொத்தனார் சுவரை வெறுங்கண்ணால் நம்பாமல் ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பதைப் போன்றது இது.

ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் 1965இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இம்மரபின் உச்சம். திரவ ஹீலியத்தால் குளிர்விக்கப்பட்ட மின்தடை ஒன்றுடன் தம் கொம்பு அலைவாங்கியை ஒப்பிட்டபோது, எந்தத் திசையில் திருப்பினாலும் 3.5 கெல்வின் அளவு இரைச்சல் மிஞ்சிற்று. பிரபஞ்சத்தின் தொடக்க வெப்பத்தின் எச்சம் அது என்பது பின்னர் தெளிவாயிற்று. அந்த மிச்சத்தைக் கருவியின் குறை என்று சொல்லி மட்டத்தை இறக்கிச் சரிசெய்திருந்தால், இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் செய்திகளுள் ஒன்று திருகாணி ஒன்றின் திருப்பத்தில் மறைந்திருக்கும்.

3. கல்யாணிலிருந்து உதகைக்கு

இந்தியக் கதை சூரியனில் தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவில் சிட்னி அருகே பாட்ஸ் ஹில்லில் பயன்பட்ட 32 சிறு கிண்ண அலைவாங்கிகள் இந்தியாவுக்கு அன்பளிப்பாக வந்தன. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் கோவிந்த் ஸ்வரூப் தலைமையிலான குழு அவற்றை மும்பைக்கு அருகில் கல்யாணில் நிறுவி, 1965இல் 610 மெகாஹெர்ட்ஸில் சூரியனை ஆராயத் தொடங்கியது. சூரியன் தாராளமாக வழங்குபவன். அங்கே மட்டம் பற்றிய கவலை பெரும்பாலும் மிகுதியைத் தாங்குவது பற்றியதே.

உதகமண்டலத்துக்கு அருகில் முத்தோரையில் 1970இல் இயங்கத் தொடங்கிய தொலைநோக்கி இதற்கு நேர் எதிரான சிக்கலை முன்வைத்தது. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட பரவளைய உருளை; 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகளே அதன் எதிரொளிப்புப் பரப்பு. மலைச்சரிவின் சாய்வு அவ்விடத்தின் அட்சரேகைக்கு ஏறத்தாழச் சமமாக, 11 பாகை அளவில் இருப்பதால், தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிறது. எனவே ஒரே அச்சில் சுழற்றியே ஒரு வான்பொருளை மணிக்கணக்கில் பின்தொடர இயலும். இவை பலரும் அறிந்தவை. குறைவாகப் பேசப்படுவது அதன் ஏற்பிகள் எதிர்கொண்ட சோதனை.

உதகைத் தொலைநோக்கியின் முதன்மைப் பணி நிலா மறைப்பு. நிலா ஒரு வானொலி மூலத்தை மறைக்கும் கணத்தில் பதிவின் மட்டம் இறங்கும். வெளிப்படும் கணத்தில் ஏறும். அந்த ஏற்ற இறக்கத்தின் வடிவத்திலிருந்து மூலத்தின் இருப்பிடமும் அமைப்பும் விளங்கும். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் 1962இல் சிரில் ஹசார்டும் அவர்தம் குழுவினரும் 3சி 273 என்னும் மூலத்தின் இடத்தை இவ்வாறே துல்லியமாகக் கண்டனர். மறு ஆண்டு மார்ட்டன் ஷ்மித் அதைத் தொலைதூரக் குவாசர் என இனங்கண்டார். நிலா நொடிக்கு ஏறத்தாழ அரை வில்விநாடி நகர்கிறது. 10 வில்விநாடி அகலமுள்ள ஒரு மூலம் மறைய 20 நொடி ஆகும். அந்த 20 நொடிகளில் பெருக்கி தன் போக்கில் சற்று அலைந்தாலும், வானத்தின் வடிவமும் கருவியின் வடிவமும் ஒன்றோடொன்று கலந்துவிடும். இங்கே மட்டத்தைத் தானியங்கியிடம் ஒப்படைப்பது தற்கொலைக்கு ஒப்பு. நிலா மறைத்த பொருளைத் தானியங்கி மீண்டும் நிரப்பிக் காட்டும். நீலகிரியின் ஈரத்திலும் குளிரிலும் பல நூறு இருமுனை அலைவாங்கிகளைச் சேர்த்து ஒரு நிலையான மட்டத்தைப் பிடித்து வைத்தவர்களின் உழைப்பின்மீதே, தொலைவு மிக மிக மூலங்களின் தோற்ற அளவு சிறுத்து வருவதைக் காட்டிய, மாறாநிலைப் பிரபஞ்சக் கோட்பாட்டுக்கு எதிராக நின்ற உதகை ஆய்வுகள் எழுந்தன.

4. குறியை மட்டும் வைத்துக்கொள்

இனி இலக்கமுறைக்கு வருவோம். இதன் மூலக் கருத்து போர்க்காலத்தில் பிறந்தது. எதிரியின் ரேடாரை இரைச்சலால் குழப்பும் முறைகளை ஆராய்ந்த ஹார்வர்டு வானொலி ஆய்வகத்தில், ஜான் வான் விளெக் 1943இல் ஓர் அறிக்கை எழுதினார். இரைச்சலின் உச்சங்களை முற்றிலும் நறுக்கிவிட்டு, ஒவ்வொரு கணமும் அது நேர்மமா எதிர்மமா என்னும் குறியை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன மிஞ்சும்? பெரும்பகுதி மிஞ்சும் என்பதே அவர் கண்ட வியப்பான விடை. நறுக்கப்பட்ட இரைச்சலின் ஒட்டுறவிலிருந்து மூல இரைச்சலின் ஒட்டுறவை ஒரு சைன் சார்பின் வழியே மீட்டெடுத்துவிடலாம். போர் ரகசியமாக இருந்த அப்பணி, டேவிட் மிடில்டனுடன் சேர்ந்து 1966இல்தான் பொது இதழில் வெளிவந்தது. பின்னாளில் காந்தவியலுக்காக நோபல் பரிசு பெற்றவரும் இதே வான் விளெக்தான்.

மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் தம் முனைவர் பட்ட ஆய்வுக்காக இதைக் கருவியாக்கினார் சாண்டர் வைன்ரெப். அவருடைய ஒரு பிட் நிறமாலைமானியால் 1963இல் ஹைட்ராக்சில் மூலக்கூறு விண்மீனிடை வெளியில் முதன்முதலாக வானொலி அலையில் கண்டறியப்பட்டது. இதற்குக் கொடுத்த விலை: நுண்ணுணர்வு 64 விழுக்காடாகக் குறையும். ஈடாகக் கிடைத்த வரம்: மட்டம் பற்றிய கவலை முற்றாக ஒழியும். குறியை மட்டும் பார்ப்பவனுக்குப் பெருக்கம் இருமடங்கானாலும் பாதியானாலும் ஒன்றே.

இழந்த 36 விழுக்காட்டை மீட்கும் ஆசையே மட்டத்தை மீண்டும் அழைத்து வந்தது. ஆஸ்திரேலியர் பிரையன் கூப்பர் 1970இல் இரு பிட், அதாவது நான்கு படிநிலை முறையை விரிவாக ஆராய்ந்தார். நேர்மம் சிறிது, நேர்மம் பெரிது, எதிர்மம் சிறிது, எதிர்மம் பெரிது என்று நான்கே வகைகள். நுண்ணுணர்வு 88 விழுக்காட்டுக்கு உயர்கிறது. ஆனால் சிறிதுக்கும் பெரிதுக்கும் எல்லை எங்கே? அந்த எல்லை இரைச்சலின் திட்ட விலக்கத்துக்கு ஏறத்தாழச் சமமாக இருக்கும்போதே இப்பயன் கிட்டும். நான்கு வகைகளிலும் விழும் மாதிரிகள் முறையே 34, 16, 34, 16 விழுக்காடாக இருந்தால் மட்டம் சரி. கடல்கடந்த தொலைநோக்கிகளை இணைக்கும் நெடுந்தொலைவுக் குறுக்கீட்டியலில் இன்றும் இந்த எண்ணிக்கையைப் பார்த்தே மட்டம் வைக்கிறார்கள். மூன்று படிநிலைகள் என்றால் எல்லை திட்ட விலக்கத்தில் 0.61 பங்கு, பயன் 81 விழுக்காடு.

மொழியியல் மாணவருக்கு இது அந்நியமான செய்தியன்று. தொடர்ச்சியாக ஓடும் ஒலிநீளத்தைத் தொல்காப்பியர் அரை, ஒன்று, இரண்டு என்னும் மாத்திரைகளில் வகுத்தார். குறிலின் நீளம் பேசுவோருக்கேற்பவும் வேகத்துக்கேற்பவும் ஆயிரம் விதமாக மாறும். ஆயினும் மிகச் சில படிநிலைகளே பொருளைக் காப்பாற்றப் போதுமானவை. எல்லையை எங்கே வைப்பது என்பதில்தான் இலக்கணம் இருக்கிறது. வேகமாகப் பேசுபவரின் நெடிலும் நிதானமாகப் பேசுபவரின் குறிலும் ஒரே நீளமாக இருக்கக்கூடும். கேட்பவரின் செவி, பேசுபவரின் வேகத்தை அறிந்து எல்லையை நகர்த்துகிறது. கூப்பரின் கருவிக்கும் அந்த நகர்த்தல் வேண்டும். அதைச் செய்யப் பெருக்கத்தைத் திருத்த வேண்டும்.

5. கோடாடில் இரு மனம்

புணேக்கு வடக்கே நாராயண்காவ் அருகில், கோடாடு கிராமத்தை மையமாகக் கொண்டு நிற்கும் பெரும் மீட்டர் அலை வானொலித் தொலைநோக்கியில் இக்கேள்விகள் யாவும் ஒன்றுகூடின. 45 மீட்டர் விட்டமுள்ள 30 அலைவாங்கிகள். 14 நடுவில், 16 மூன்று கரங்களில். மிகு இடைவெளி ஏறத்தாழ 25 கிலோமீட்டர். ஒவ்வொன்றின் குறிகையும் ஒளியிழை வழியே மைய நிலையத்துக்கு வருகிறது. வழிநெடுக ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு மட்டம் உண்டு. முகப்பில் சூரியன் போன்ற வலிய மூலங்களுக்காக மெலிப்பான்கள். அளவுகோலாகச் செலுத்த நான்கு தரமான செயற்கை இரைச்சல். ஒளியிழைக்குள் செலுத்தும் லேசருக்கு ஒரு மட்டம். இறுதியில் இலக்கமாக்கிக்கு ஒரு மட்டம். எந்த இடத்திலும் குறைந்தால் அடுத்த கட்டத்தின் இரைச்சல் மேலெழும். எந்த இடத்தில் கூடினாலும் அங்கே உருக்குலைவு தொடங்கும்.

முப்பது அலைவாங்கிகளின் மட்டங்களையும் கையால் பிடித்து வைப்பது அரிது. ஆகவே தானியங்கி மட்டக் கட்டுப்பாடு என்னும் சுற்று அமைக்கப்பட்டது. உள்ளே வருவது கூடினால் பெருக்கத்தைக் குறைத்தும், குறைந்தால் கூட்டியும், வெளியே செல்வதை ஒரே அளவில் நிறுத்துவது அது. என் பதிவுக் கருவியில் இருந்த அதே ஏற்பாடு.

அதன் விளைவு எங்கே தெரியும்? பால்வழியின் தளத்தை நோக்கினால் தெரியும். மீட்டர் அலைகளில் பால்வழியே பெரும் இரைச்சல் மூலம். அளவுகோலாகக் கொள்ளும் மூலம் அமைதியான வானில் இருக்கிறது. அங்கே மொத்த இரைச்சல் 100 கெல்வின் என்போம். ஆய்வுப் பொருள் பால்வழித் தளத்தில் இருக்கிறது. அங்கே 250 கெல்வின். தொலைநோக்கி திரும்பியவுடன் தானியங்கி பெருக்கத்தை இறக்கிவிடும். ஆய்வுப் பொருளின் வலிமை உண்மையில் இருப்பதில் 40 விழுக்காடாகவே பதிவாகும். படம் அழகாக வரும்; எண் பொய்யாக இருக்கும். இதைத் திருத்த, அப்பகுதி வானத்தின் இரைச்சல் வெப்பநிலையை வேறொரு வழியில் அறிய வேண்டும். ஹஸ்லமும் குழுவினரும் 1982இல் வெளியிட்ட 408 மெகாஹெர்ட்ஸ் முழுவான் வரைபடம் இதற்குப் பலரும் நாடும் துணை. ஒரு தலைமுறைக்கு முன் பிற தொலைநோக்கிகள் பொறுமையாகப் பிடித்து வைத்த மட்டம், இன்னொரு தொலைநோக்கி இழந்த மட்டத்தை மீட்டுத் தருகிறது.

துடிவிண்மீன்களை நோக்கும்போது தானியங்கியை அணைத்துவிடுவதே வழக்கம். துடிப்பு வந்ததும் சுற்று அதை அமுக்கவும், போனதும் நிமிரவும் முயன்றால் துடிப்பின் வடிவமே சிதையும். ஆக, ஒரே நிலையத்தில் ஒரு பிரிவினருக்குத் தானியங்கி துணைவன். இன்னொரு பிரிவினருக்குப் பகைவன். சரியான மட்டம் எது என்னும் கேள்விக்கு, எதைக் கேட்கப் போகிறாய் என்னும் எதிர்க்கேள்வியே விடையின் முதற்பாதி.

6. இடம் விட்டு வை

மேம்படுத்தப்பட்ட தொலைநோக்கி இன்று ஏறத்தாழ 120 முதல் 1,450 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அகன்ற பட்டைகளில் இயங்குகிறது. இலக்கமாக்கியும் 8 பிட், 256 படிநிலைகள். நுண்ணுணர்வு இழப்பு என்பது இப்போது பெயரளவுக்கே. அப்படியானால் மட்டப் பிரச்சினை தீர்ந்ததா? உருமாறிற்று, அவ்வளவே.

அகன்ற பட்டையில் வானம் மட்டும் வருவதில்லை. தொலைக்காட்சி, கைபேசி, செயற்கைக்கோள், மின்கம்பிப் பொறி எல்லாம் சேர்ந்து வருகின்றன. புதிய பட்டைகளில் 850க்கும் 1,050க்கும் இடையே உள்ள வெற்றிடத்தில்தான் 900 மெகாஹெர்ட்ஸ் கைபேசி அலைகள் வாழ்கின்றன. வலிய குறுக்கீடு இரண்டு, பெருக்கியின் நேர்ப்போக்கைத் தாண்டும்போது, இல்லாத அலைவெண்ணில் புதிய அலைகளைப் பெற்றெடுக்கும். உள்ளீடு ஒரு டெசிபல் கூடினால் அந்தப் பிள்ளைகள் மூன்று டெசிபல் கூடும். எனவே வான் இரைச்சலை உச்சிக்குக் கீழே தாழ்த்தி வைத்து, குறுக்கீடு எழும்போது முட்டாதபடி தலைக்குமேல் இடம் விட வேண்டும். 8 பிட்டின் 128 படி உயரத்தில் இரைச்சலின் திட்ட விலக்கத்தை 40 படியில் வைத்தால் மேலே 10 டெசிபல் இடமே மிஞ்சும். 10 படியில் வைத்தால் 22 டெசிபல் கிடைக்கும். அதற்காகப் படிநிலைப்படுத்தலில் இழப்பது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு பிட் காலத்தில் மட்டம் தேவையற்றதாயிருந்தது. இரு பிட் காலத்தில் அது நுண்ணுணர்வின் கேள்வியாயிற்று. 8 பிட் காலத்தில், ஊரோடு ஒத்து வாழ்வதன் கேள்வியாகிவிட்டது. தொலைநோக்கியைச் சுற்றியுள்ள சமூகத்தின் மின்காந்த வாழ்க்கையே இன்று அந்தத் திருகாணியின் இடத்தைத் தீர்மானிக்கிறது.

7. வரலாற்றாசிரியருக்கு ஒரு வேண்டுகோள்

இவ்வரலாற்றில் பெயர் பெற்றோர் சிலர். பெயரற்றோர் மிகப் பலர். கண்டுபிடிப்புக் கட்டுரையில் மட்டம் வைத்த கதைக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. அது கட்டுப்பாட்டு அறையின் பதிவேட்டிலும் உள்சுற்று அறிக்கைகளிலும் ஓய்வு பெற்றோரின் நினைவிலும் தங்கியிருக்கிறது. காகிதம் செல்லரிக்கும், நினைவும் மங்கும். கல்யாண், உதகை, கோடாடு ஆகிய மூன்றையும் கட்டி எழுப்பிய ஸ்வரூப் 2020இல் மறைந்தார். அவர் தலைமுறையின் பொறியாளர்களிடமும் தொழில்நுட்பப் பணியாளர்களிடமும் கேட்டறிய இன்னும் எஞ்சியிருக்கும் காலம் நீண்டதன்று. வாய்மொழி வரலாறு பயிலும் மாணவர்கள் அறிவியலறிஞர்களை மட்டும் நாடாமல், மெலிப்பானைத் திருப்பிய கைகளையும் தேடிச் செல்ல வேண்டும்.

தரவை வைத்து ஆய்வு செய்யும் நாம் அனைவரும் கற்க வேண்டிய பாடம் ஒன்றும் இங்கே உண்டு. தரவு நம்மிடம் வருமுன்பே யாரோ, அல்லது ஏதோ ஒரு சுற்று, அதற்கு மட்டம் வைத்துவிட்டது. கோடாடில் அது தெரிந்தே நடக்கிறது. எனவே திருத்தவும் முடிகிறது. என் பதிவில் அது தெரியாமல் நடந்தது, திருத்த இயலவில்லை. இழப்பின் காரணம் தானியங்கி அன்று. தானியங்கி என்ன செய்தது என்னும் குறிப்பு எங்கும் எழுதப்படாததே.

அந்த மூதாட்டியின் பதிவை இன்னும் வைத்திருக்கிறேன். சொற்களுக்காக அது பயன்படும். கோப்பின் முதல் வரியில் இப்போது ஒரு குறிப்பைச் சேர்த்திருக்கிறேன்: ஒலிமட்டம் தானியங்கியால் மாற்றப்பட்டது, குரலின் உயர்வு தாழ்வைக் கொண்டு முடிவு எதுவும் செய்ய வேண்டா.

இத்துறையில் பணியாற்றியோர், குறிப்பாக முத்தோரையிலும் கோடாடிலும் ஏற்பிகளோடு பழகியோர், தம் அனுபவங்களைப் பகிர்ந்தால் நன்றியுடன் பதிவு செய்துகொள்வேன். பிழை காணின் திருத்துக.